ஸ்டெல்லாரிஸ்: சிட்டாடல் நிற்கும் சிஸ்டத்தைப் பிடிப்பது எப்படி?

ஸ்டெல்லாரிஸ் என்ற விண்வெளி வியூகக் கணினி விளையாட்டில், எதிரியின் எல்லையில் ஒரு சிட்டாடல், அதாவது உச்ச நிலை ஸ்டார்பேஸ் (விண்வெளிக் கோட்டை) நிற்கிறது. சுற்றிலும் டிஃபென்ஸ் பிளாட்ஃபார்ம்கள், பக்கத்திலேயே ஃபோர்ட்ரஸ் கட்டிய ஒரு கிரகம். உள்ளே போகும் ஹைப்பர்லேன் (நட்சத்திர மண்டலங்களை, அதாவது சிஸ்டங்களை இணைக்கும் பாதை) எல்லாம் அந்த ஒரே சிஸ்டம் வழியாகத்தான். புதிதாக ஆடுபவர்கள் பலர் இதைப் பார்த்ததும் சமாதானம் பேசப் போய்விடுகிறார்கள். தேவையே இல்லை. அந்தக் கோட்டையால் நகர முடியாது, பின்வாங்கவும் முடியாது. எப்போது அடிப்பது, எந்த ஆயுதத்தால் அடிப்பது என்று முடிவு செய்வது நீங்கள்தான்.

ஃப்ளீட் சேர்ப்பது, கப்பல் கட்டுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். 3.x பதிப்புகளை வைத்துச் சொல்கிறேன்.

போர் அறிவிக்கும் முன்

வேண்டிய சிஸ்டங்கள் மேல் கிளெய்ம் (உரிமை கோரல்) போடுங்கள். அதற்கு இன்ஃப்ளூயன்ஸ் செலவாகும், தூரம் கூடக் கூட விலையும் ஏறும். போர் தொடங்கிய பிறகு தாக்கும் பக்கம் கிளெய்ம் போட முடியாது என்பதால், வழியில் இருக்கும் சின்னச் சின்ன சிஸ்டங்களையும் சேர்த்தே போட்டுவிடுங்கள்.

அப்புறம் உளவு. 2021இல் நெமிசிஸ் என்ற விரிவாக்கத்தோடு வந்த 3.0 பதிப்பிலிருந்து, போதிய இன்டெல் (உளவுத் தகவல்) இல்லாவிட்டால் எதிரியின் படை விவரம் சரியாகத் தெரியாது. ஸ்பை நெட்வொர்க்கை முன்கூட்டியே வளர்த்து வையுங்கள். விவரம் கிடைத்ததும் அந்த ஸ்டார்பேஸைக் கிளிக் செய்து ஷீல்ட் (ஆற்றல் கவசம்), ஆர்மர் (வெளிக் கவசம்), ஹல் (உடற்பகுதி) மூன்றில் எது அதிகம் என்று பாருங்கள். ஃப்ளீட் பவர் எண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் ஆயுதம் எதிரியின் பாதுகாப்புக்குப் பொருந்துகிறதா என்பதை அந்த எண் சொல்லாது.

ஆயுதம்

ஷிப் டிசைனரில் ஆட்டோ-கம்ப்ளீட்டை நிறுத்துங்கள். கைனடிக் வகை (குண்டு எறியும் பீரங்கிகள்) ஷீல்டை நன்றாகக் கரைக்கும், லேசரும் பிளாஸ்மாவும் ஆர்மரைக் கரைக்கும். மிசைல்கள் ஷீல்டைத் தாண்டிப் போகும், ஆனால் பாயின்ட்-டிஃபென்ஸ் அவற்றைச் சுட்டு வீழ்த்தும். என் விருப்பம் பேட்டில்ஷிப்பில் கைனடிக் ஆர்ட்டிலரி, கூடவே பிளாஸ்மா, ஆர்ட்டிலரி காம்பாட் கம்ப்யூட்டர். நகராத இலக்கைத் தூரத்தில் நின்று அடிக்க இதைவிட நிதானமான கூட்டணி நான் பார்த்ததில்லை. எதிரியிடம் அயன் கேனன் பிளாட்ஃபார்ம் இருந்தால் மட்டும், தூரத்தில் நின்றாலும் அடி விழும் என்று எதிர்பார்த்துப் போங்கள்.

சிஸ்டத்தின் நட்சத்திரத்தையும் பாருங்கள். பல்சர் என்றால் அங்கே யாருக்குமே ஷீல்ட் வேலை செய்யாது. அப்படியானால் உங்கள் கப்பல்களில் ஆர்மரை ஏற்றி, ஷீல்டை அடிக்கும் ஆயுதங்களைக் குறைத்துவிடுங்கள். நியூட்ரான் நட்சத்திரமாக இருந்தால் கப்பல்கள் ஊர்ந்துதான் போகும், அடிபட்டுக்கொண்டே நெருங்க வேண்டியிருக்கும்.

உள்ளே நுழைவது

பக்கத்துச் சிஸ்டத்தில் எல்லா ஃப்ளீட்டையும் நிறுத்துங்கள். பாஸ் போடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து ஒரே கட்டளை கொடுங்கள். கார்வெட் வேகமாகப் போய்விடும், பேட்டில்ஷிப் பின்னாலேயே வரும். தனித்தனியாகப் போய்ச் சேர்ந்தால் தனித்தனியாகவே அழியும். எதிரியின் முக்கிய ஃப்ளீட் வேறு போர்முனையில் இருக்கும்போது நுழைவது இன்னும் நல்லது. சிட்டாடலும் ஃப்ளீட்டும் சேர்ந்து நிற்கும்போது மட்டும் வேண்டாம், காத்திருங்கள்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம்

ஸ்டார்பேஸ் வீழ்ந்ததும் வேலை முடிந்தது என்று தோன்றும். ஃப்ளீட்டை அடுத்த சிஸ்டத்துக்கு அனுப்பப் பார்த்தால் போகாது. வந்த வழியே திரும்ப மட்டும் விடும். இது பக் இல்லை, எஃப்டிஎல் இன்ஹிபிட்டர், அதாவது எதிரிக் கப்பல்கள் தாண்டிப் போவதைத் தடுக்கும் அமைப்பு. ஸ்டார்ஹோல்டும் அதற்கு மேற்பட்ட ஸ்டார்பேஸ்களும் மட்டுமல்ல, ஃபோர்ட்ரஸ் கட்டிய கிரகமும் அதே தடையைப் போடும். அந்தக் கிரகத்தைப் பிடிக்கும்வரை முன்னே வழி இல்லை. குடியேற்றம் உள்ள கிரகங்களைப் பிடிக்காமல் அந்தச் சிஸ்டம் முழுதாக உங்கள் ஆக்கிரமிப்பில் வந்ததாகவும் ஆகாது.

அதனால் தரைப்படையைப் போருக்கு முன்பே தயார் செய்யுங்கள். ஸ்டார்பேஸ் விழுந்த பிறகு அசால்ட் ஆர்மி கட்ட ஆரம்பித்தால், அவை வந்து சேர்வதற்குள் உங்கள் வார் எக்ஸாஸ்ஷன் (போர்க் களைப்பு) ஏறிக்கொண்டே இருக்கும். டிரான்ஸ்போர்ட் கப்பல்களில் ஆயுதம் கிடையாது. அவற்றைப் பேசிவ் நிலையில் பின்னால் இருக்கும் சிஸ்டத்தில் வைத்து, சிட்டாடல் அடங்கிய பிறகே உள்ளே கூப்பிடுங்கள்.

கிரகத்தின் மேல் ஃப்ளீட்டை நிறுத்தி பாம்பார்ட்மென்ட் (குண்டுவீச்சு) தொடங்குங்கள். காக்கும் படைகளின் பலம் மெல்லக் குறையும். பிளானட்டரி ஷீல்ட் இருந்தால் இன்னும் மெதுவாகத்தான் குறையும், பொறுமை வேண்டும். என் தேர்வு, மக்களுக்குச் சேதம் குறைவாக இருக்கும் செலக்டிவ் நிலை. பிடித்த பிறகு அந்த மக்களை வைத்துத்தானே கிரகத்தை நடத்தப் போகிறோம்? பாழாக்கி வாங்குவதில் என்ன லாபம்?

எதிரியின் பலம் உங்கள் ஆர்மி எண்ணுக்கு நன்றாகக் கீழே வந்ததும் இறக்குங்கள். தரைச் சண்டையில் ஒரே நேரத்தில் இத்தனை படைகள்தான் மோதலாம் என்று வரம்பு உண்டு, அது கிரகத்தின் அளவைப் பொறுத்தது. சின்னக் கிரகத்தில் கும்பலாக இறக்குவதைவிடத் தரமான படையும் ஒரு தளபதியும் அதிகம் உதவும்.

பின்சேர்க்கை

இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வந்ததால் சேர்க்கிறேன். முதலாவது, ஜம்ப் டிரைவ் (ஹைப்பர்லேன் இல்லாமலே குதிக்க உதவும் எஞ்சின்) வைத்து சிட்டாடலைத் தாண்டிக் குதித்துவிடலாமே என்பது. குதிக்கலாம், ஆனால் குதித்த பின் கொஞ்ச காலத்துக்கு ஆயுதங்களின் வலு வெகுவாகக் குறைந்துவிடும். எதிரியின் படை இல்லாத சிஸ்டத்தில் இறங்கி, அந்தக் காலம் கழியும்வரை ஒதுங்கி இருக்க முடிந்தால் மட்டும் செய்யுங்கள்.

இரண்டாவது, சிஸ்டத்தைப் பிடித்த பிறகும் போர் முடியவில்லையே என்பது. முழு சரணடைதலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. முழுதாக ஆக்கிரமித்து, கிளெய்மும் போட்டிருந்தால், ஸ்டேட்டஸ் கோவில் (யாரும் சரணடையாமல், இருக்கும் நிலையிலேயே செய்யும் சமாதானம்) முடிந்தாலும் அந்தச் சிஸ்டம் உங்களுக்கு வந்துவிடும். எதிரியின் வார் எக்ஸாஸ்ஷன் 100 சதவீதத்தைத் தொட்டபின் 24 மாதம் கழித்து ஸ்டேட்டஸ் கோவை நீங்களே கட்டாயப்படுத்தலாம். உங்களுடையது முதலில் 100ஐத் தொட்டால் அதே உரிமை எதிரிக்கும் உண்டு. அதற்குள் ஃபோர்ட்ரஸ் கிரகம் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.