தரம் 10 கணிதத்தைப் பிறகு மாற்றியது: என் அனுபவம்

கனடாவின் ஒன்டாரியோவில் மகன் தரம் 10 கணிதத்தை அப்ளைட் (நடைமுறை சார்ந்த) நிலையில் முடித்திருந்தான். தரம் 11 பாடத் தெரிவில்தான் இடித்தது. பொறியியலுக்குப் போக ஃபங்ஷன்ஸ் (சார்புகள்) என்ற தரம் 11 கணிதப் பாடம் வேண்டும். எம்சிஆர்3யூ என்ற அந்தப் பாடத்துக்கு, தரம் 10 அகடமிக் (கோட்பாடு சார்ந்த) கணிதமான எம்பிஎம்2டி முடித்திருக்க வேண்டும்.

'எம்சிஎஃப்3எம் என்ற இன்னொரு தரம் 11 கணிதப் பாடத்தை எடுக்கலாமே' என்பார்கள். அப்ளைட் முடித்தவருக்கு அது கிடைக்கும், உண்மைதான். ஆனால் அதிலிருந்து நேரே தரம் 12 பாடமான அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸுக்குப் போக முடியாது. அது இல்லையென்றால் கால்குலஸும் இல்லை.

பள்ளியில் பாடத் தெரிவுக்கு ஆலோசனை சொல்லும் கைடன்ஸ் கவுன்சிலரிடம் பேசி, எம்பிஎம்2டியைக் கோடைப் பள்ளியில் எடுத்தோம். ஒரு கிரெடிட்டுக்கு 110 மணி நேரம். அத்தனையும் சில வாரங்களுக்குள் திணிக்கப்படுவதால் ஒரு நாள் தவறினாலே பின்தங்கிவிடுவார்கள். வட்டத்தின் சமன்பாடு, சைன் விதி, கோசைன் விதி மூன்றும் அப்ளைடில் வராதவை. இவற்றை ஜூனிலேயே பார்த்துவைத்தது பெரிய உதவி.

இன்னொன்று: தரம் 11, 12 பாடத்தை முதல் ரிப்போர்ட் கார்ட் வந்து 5 பள்ளி நாட்களுக்குப் பின் கைவிட்டால், அந்த மதிப்பெண் பள்ளிப் பதிவேடான டிரான்ஸ்கிரிப்டில் ஏறிவிடும். தடுமாறினால் அதற்குள் முடிவெடுங்கள். பள்ளி டிப்ளோமாவுக்குத் தேவையான 40 மணி நேரச் சமூக சேவையைத் தரம் 12 வரை தள்ளவும் வேண்டாம்.