மலையேறும் காருக்குப் பெட்ரோல்: நீலகிரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இந்த பங்க் பெட்ரோல் சரியில்லை, வண்டி இழுக்கவே மாட்டேன் என்கிறது." மேட்டுப்பாளையத்தில் டேங்கை நிரப்பிக்கொண்டு மலையேறுகிறவர்கள் குன்னூரைத் தொடுவதற்குள் இப்படிச் சொல்வதை நீலகிரியில் அடிக்கடி கேட்கலாம். பெரும்பாலும் அந்த பங்க்கின் மீது பிழை இருப்பதில்லை. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகமண்டலம் 2,200 மீட்டருக்கும் மேல். உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் தன் திறனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை இழக்கிறது. உதகையை அடையும்போது ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். எந்த பங்க்கில் எந்தப் பெட்ரோலைப் போட்டாலும் அது திரும்ப வராது.

ஏற்றத்தில் வண்டி இழுத்த விதத்தை வைத்தோ, ஏறி முடித்ததும் திரையில் தெரியும் மைலேஜை வைத்தோ ஒரு பங்க்கைத் தீர்ப்பிடுவதுதான் நான் காணும் தவறுகளில் முதன்மையானது. இதனால் நேர்மையான பங்க்குகள் கெட்ட பெயர் வாங்குகின்றன; கலப்படம் செய்பவர் தப்பித்துக்கொள்கிறார். இரண்டு பங்க்குகளை ஒப்பிட விரும்பினால் ஒரே சாலையில், ஏற்றமும் இறக்கமும் சேர்த்து, ஒரே அளவு சுமையோடு ஓட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

எஞ்சினிலிருந்து வரும் 'டக் டக்' சத்தமும் இப்படித்தான். கொண்டை ஊசி வளைவில் மூன்றாவது கியரிலேயே வண்டியை நெருக்கினால், நல்ல பெட்ரோலிலும் அந்தச் சத்தம் வரலாம். கியரைக் குறைத்துப் பாருங்கள். குறைத்த பிறகும், சமதளத்தில் மெதுவாகப் போகும்போதும் அது தொடர்ந்தால் பெட்ரோலைச் சந்தேகிக்கலாம்.

'மலைக்குப் போகிறோம், விலை உயர்ந்த பெட்ரோலே போடுவோம்' என்று ஆக்டேன் கூடிய பெட்ரோலைக் கேட்கிறவர்கள் உண்டு. ஆக்டேன் என்பது பெட்ரோல் நேரத்துக்கு முன் வெடிக்காமல் தாங்கும் தன்மை. அது கூடுதல் சக்தியைத் தருவதில்லை. காற்று மெலிந்த உயரத்தில் டர்போ இல்லாத எஞ்சினுக்கு ஆக்டேன் தேவை குறையவே செய்கிறது. உங்கள் காரின் கையேடு 95 ஆக்டேன் கேட்டால் அதைப் போடுங்கள். கேட்காவிட்டால் அந்தப் பணத்தை டயருக்கும் பிரேக்குக்கும் செலவிடுங்கள். மலைப்பாதையில் உயிரைக் காப்பவை அவைதான்.

அதிகாலையில் போட்டால் பெட்ரோல் கூடுதலாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. பங்க்கின் டேங்க் தரைக்கு அடியில் இருக்கிறது. காலைக்கும் மதியத்துக்கும் அதன் வெப்பநிலை சொல்லத்தக்க அளவு மாறுவதில்லை. வேறுபாடு இருப்பது ஊருக்கும் ஊருக்கும் இடையில்தான். பெட்ரோல் பத்து டிகிரி வெப்பத்துக்கு ஏறக்குறைய 1 சதவீதம் விரிகிறது. உதகையின் குளிர்ந்த மண்ணில் இருந்து வரும் ஒரு லிட்டர், சமவெளியின் ஒரு லிட்டரைவிடக் கொஞ்சம் செறிவானது. ஆனால் லாரி வாடகை சேர்வதால் மலையில் விலையும் சற்று அதிகம். அந்த ஆதாயத்துக்காகத் திட்டம் போட வேண்டியதில்லை.

இதே விரிவு வேறு வகையில் முக்கியமானது. உதகையில் குளிரில் டேங்கை நிரப்பும்போது தானாக நின்ற குழாயை மறுபடி அழுத்தி, 'ரவுண்டாகப் போடுங்கள்' என்று கழுத்து வரை நிரப்புகிறோம். அந்த வண்டி சில மணி நேரத்தில் கோவை வெயிலில் நிற்கும். 40 லிட்டர் பெட்ரோல் அரை லிட்டருக்கு அருகில் விரியும். அந்த இடத்துக்காகத்தான் டேங்கில் மேலே காலி விடப்பட்டிருக்கிறது. அதையும் நிரப்பிவிட்டால், ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப்பெட்டிக்குள் பெட்ரோல் புகுந்து கெடுத்துவிடலாம். குழாய் முதல் முறை நின்றதும் நிறுத்திவிடுங்கள்.

எதைப் பார்த்து நம்புவது?

பங்க்கில் காட்டப்படும் அடர்த்தி எண்ணைப் பார்த்து நிம்மதி அடைவது அரைகுறைச் சோதனை. பெட்ரோலின் அடர்த்தி 15 டிகிரி செல்சியஸில் கன மீட்டருக்கு 720 முதல் 775 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுத் தரம். பம்பில் தெரியும் எண் பெரும்பாலும் பங்க் ஊழியர்கள் பதிவிட்டதுதான். உங்கள் டேங்கில் விழுவதை அந்த இயந்திரம் அப்போது அளந்து சொல்வதில்லை. அதனால் அடர்த்திமானி, வெப்பமானி, கண்ணாடி ஜாடி மூன்றையும் கொண்டுவரச் சொல்லி, உங்கள் எதிரிலேயே அளக்கச் சொல்லுங்கள். அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. அளந்ததை 15 டிகிரிக்கு மாற்றி, லோடு வந்தபோது பதிவான அடர்த்தியோடு ஒப்பிட வேண்டும். 3 கிலோவுக்கு மேல் வேறுபாடு கூடாது.

மலையில் பலர் தடுமாறும் இடம் இதுதான். உதகையின் குளிரில் அளக்கும் எண் 15 டிகிரிக்குரிய எண்ணுக்கு அருகிலேயே இருக்கும். அதே பெட்ரோலை மேட்டுப்பாளையத்தில் 30 டிகிரியில் அளந்தால் பத்துக்கும் மேல் குறைந்து காட்டும். மாற்றிக் கணக்கிடாமல் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, 'கீழே கலப்படம்' என்று சொல்வது அநியாயம்.

வடிகட்டித் தாள் சோதனை இன்னும் எளிது. குழாயின் வாயைத் துடைத்துவிட்டு ஒரு துளியைத் தாளில் விட்டால், நல்ல பெட்ரோல் இரண்டு நிமிடத்தில் ஆவியாகி எண்ணெய்க் கறை இல்லாமல் போகும். மண்ணெண்ணெய், டீசல் போன்றவை கலந்திருந்தால் கறை தங்கும். உதகைக் குளிரில் ஆவியாகக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுங்கள். எளிதில் ஆவியாகும் கரைப்பான்களைக் கலந்திருந்தால் இந்தத் தாள் காட்டிக்கொடுக்காது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அளவில் சந்தேகம் வந்தால் முத்திரையிட்ட ஐந்து லிட்டர் குவளையைக் கேளுங்கள். 25 மில்லிக்கு மேல் குறைந்தால் அது புகாருக்கு உரியது. 100 ரூபாய்க்குப் பதில் 110 ரூபாய்க்குப் போட்டால் ஏமாற்ற முடியாது என்பது வெறும் நம்பிக்கை. 2017-இல் உத்தரப் பிரதேசத்தில் சோதனையிட்டபோது பம்புகளுக்குள் அளவைக் குறைக்கும் மின்னணுச் சில்லுகள் பிடிபட்டன. அப்படிப்பட்ட இயந்திரத்துக்கு நீங்கள் சொல்லும் தொகை ஒரு பொருட்டில்லை. தமிழ்நாட்டில் எடையளவுப் புகார்களைத் தொழிலாளர் துறை கவனிக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இரண்டுக்கும் பில் இருந்தால் வழக்கு வலுவாகும். பில் வாங்காமல் கிளம்பாதீர்கள்.

மழைக்காலம்

கலப்படத்தைவிட மலையில் நான் அதிகம் அஞ்சுவது தண்ணீரை. தென்மேற்குப் பருவமழை கூடலூரையும் பந்தலூரையும் நனைத்தெடுக்கும். வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கொட்டும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். அதுதான் முதலில் எஞ்சினுக்குப் போகும். பெட்ரோல் போட்ட சில கிலோமீட்டரில் வண்டி திணறி நின்றால், திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். மெக்கானிக்கை வைத்து டேங்கிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி ஜாடியில் வையுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் அதுவே ஆதாரம்.

ஆகவே மழைக்காலத்தில், லாரி பெட்ரோல் இறக்கும் குழிகளின் மூடி தரையைவிட உயர்ந்திருக்கிறதா, சுற்றிலும் தண்ணீர் தேங்காமல் இருக்கிறதா என்று பார்த்து பங்க்கைத் தேர்ந்தெடுங்கள். நாள் முழுவதும் வண்டிகள் வந்துபோகும் பங்க் நல்லது. அங்கே பெட்ரோல் தேங்குவதில்லை.

பெட்ரோல் குறைந்ததைக் காட்டும் விளக்கு எரிந்த பிறகு பங்க் தேடுவதும் இங்கே ஆபத்தானது. செங்குத்தான சரிவில் டேங்கில் மிச்சமிருப்பது ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். டேங்குக்குள் இருக்கும் பம்ப் காற்றை உறிஞ்சும். அவலாஞ்சி பக்கம் போகிறவர்கள் உதகையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பெட்ரோல் குறைந்துவிட்டது என்பதற்காக இறக்கத்தில் நியூட்ரலில் விடவோ, எஞ்சினை அணைக்கவோ வேண்டாம். எஞ்சின் நின்றால் பிரேக் உதவி போய்விடும். கல்லட்டி போன்ற இறக்கத்தில் அது உயிரோடு விளையாடுவது. கியரில் இறங்கினால் இக்கால எஞ்சின்கள் பெட்ரோலைத் தாமே நிறுத்திக்கொள்கின்றன, மிச்சமும் அதில்தான். வழியோரக் கடையில் பாட்டிலில் விற்கும் பெட்ரோலை வாங்காதீர்கள். அதற்கு அளவும் இல்லை, தரமும் இல்லை, கேள்வி கேட்க ஆளும் இல்லை.

கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும் வீடு வைத்துக்கொண்டு காரை மாதக்கணக்கில் நிறுத்திவிட்டுப் போகிறவர்கள், டேங்கைப் பாதி காலியாக விடக்கூடாது. காலி இடத்தின் ஈரக்காற்று குளிர்ந்து தண்ணீராகும். எத்தனால் அதைக் குடிக்கும். மழை தொடங்குமுன் நிரப்பி மூடியை இறுக்கிவிடுங்கள். திரும்பி வந்ததும் அருகிலேயே கொஞ்சம் ஓட்டிப் பார்த்து, புதுப் பெட்ரோல் சேர்த்த பிறகு மலைப்பாதையில் இறங்குங்கள்.