நிறுவிய ஆண்டு எது? ஜார்ஜ்டவுன் ஆவணங்களைக் கொண்டு சரிபார்க்கும் முறை

பழைய கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் எதன் வரலாற்றை எழுத உட்கார்ந்தாலும், முதல் தடுமாற்றம் ஆண்டில்தான். ஒரே நிறுவனத்துக்கு நான்கைந்து தொடக்கங்கள் இருக்கும். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே, அதற்கு ஆதாரமான ஆவணம் எது, அது என்ன உரிமை கொடுத்தது என்று எழுதிக்கொண்டு வாருங்கள்.

அமெரிக்காவின் ஜார்ஜ்டவுனுக்கு இப்படி எழுதினால்: 1786இல் மேரிலாந்து குருக்கள் கூடிப் பள்ளி தொடங்க முடிவெடுத்தார்கள். 1788இல் கட்டடம் எழத் தொடங்கியது. நிலத்தின் கிரயப் பத்திரம் 1789 ஜனவரி 23. முதல் மாணவர் வில்லியம் காஸ்டன் 1791 நவம்பரில் வந்தார், வயது 13. வகுப்புகள் 1792 ஜனவரியில். பட்டம் வழங்கும் உரிமையோ 1815 மார்ச் 1இல் நிறைவேறிய அமெரிக்க நாடாளுமன்றச் சட்டத்தில்தான் வருகிறது. அந்த மசோதாவைக் கொண்டுவந்தவர், அதற்குள் உறுப்பினராகிவிட்ட அதே காஸ்டன்! முதல் பட்டங்கள் 1817இல்.

பல்கலைக்கழகம் ஏற்றிருப்பது 1789. ஒரு காலத்தில் 1788ஐயும் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே வெறும் "1789இல் நிறுவப்பட்டது" போதாது. "நிலப் பத்திரத்தின்படி" என்று சேர்த்துவிடுங்கள்.

அடுத்து, அந்தத் தேதியில் யார் என்னவாக இருந்தார்கள் என்று பாருங்கள். பிழைகள் குவிவது இங்கேதான். கல்லூரியைத் தொடங்கிய குரு ஜான் கரோல் பற்றி "ஆயர் ஜான் கரோல் நிலம் வாங்கினார்" என்று எழுதுவது தவறு. அவர் ஆயராக நியமிக்கப்பட்டது அதே ஆண்டு நவம்பரில். "இயேசு சபை நிறுவியது" என்பதும் சரியல்ல. ரோம் 1773இல் கலைத்த சபை 1814இல்தான் முழுமையாக மீண்டது. மேரிலாந்து குருக்கள் சிலர் 1805இல், கலைக்கப்படாமல் ரஷ்யாவில் தொடர்ந்த கிளை வழியாக மறுபடி சேர்ந்தார்கள். "முன்னாள் இயேசு சபையினர்" என்பதே பொருந்தும். இன்று வாஷிங்டனுக்குள் இருக்கும் ஜார்ஜ்டவுன் ஊரும் அன்று மேரிலாந்து மாநிலத்தில்தான் இருந்தது.

பணக் கணக்குக்குக் கல்லூரிப் பதிவேடு மட்டும் போதாது. இயேசு சபையின் மேரிலாந்துப் பிரிவு வைத்திருந்த தாள்களையும் புரட்ட வேண்டும். 1838இல் சபை, தன் தோட்டங்களில் அடிமைகளாக வைத்திருந்த 272 பேரை லூசியானாவுக்கு விற்க ஒப்பந்தம் போட்டது. 272 என்பது ஒப்பந்த எண்ணிக்கை. அத்தனை பேரும் அங்கே கொண்டுபோகப்படவில்லை. விலை 1,15,000 டாலர். முழுத் தொகையும் கல்லூரிக்குப் போனதாக எழுதுவது வழக்கமான தவறு: முன்பணம் 25,000 டாலரில் சுமார் 17,000 கல்லூரிக் கடனை அடைக்கச் சென்றது.

பழைய வரைபடம் பார்ப்பவர்களுக்கு ஒன்று. விற்பனையை நடத்திய தாமஸ் முலெடியின் பெயரிலிருந்த கட்டடம், 2017 முதல், ஒப்பந்தத்தில் விற்கப்பட்டவர்களில் முதலாவதாக வரும் ஐசக் ஹாக்கின்ஸின் பெயரில் இருக்கிறது. இரண்டு பெயரையும் குறித்துக்கொள்ளாவிட்டால் ஒரே கட்டடத்தை இரண்டாக எண்ணிவிடுவீர்கள்.