மலத்தில் ரத்தமா? ‘சூடு’ என்று ஒரு நாளைக் கழிக்காதீர்கள்

காரைக்குடிப் பக்கம் மலத்தில் ரத்தம் போனால் வீட்டில் முதல் தீர்ப்பு ‘சூடு’, அடுத்தது ‘மூலம்’. எங்கள் அப்பத்தாவுக்கும் அப்படித்தான். இடது அடிவயிற்றைத் திடீரென்று சுருட்டிப் பிடித்தது, மறுநாள் காலையில் ரத்தம். வெந்தயமும் மோரும் கொடுத்து ஒரு நாளை வீணாக்கினோம். பெருங்குடலுக்கு ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

முதலில் வலி, 24 மணி நேரத்துக்குள் ரத்தம். இந்த வரிசைதான் துப்பு. உள்மூலத்தில் பொதுவாக வலி இருக்காது, ரத்தம் பளிச்சென்று சொட்டும். டாக்டரிடம் “ரத்தம் போகுது” என்று மட்டும் சொல்லிவிட்டு வலியைச் சொல்லாமல் விடுவதுதான் நாம் செய்கிற முதல் தவறு.

ஏன் இடது பக்கம்? பெருங்குடலுக்கு இரண்டு பெரிய தமனிகள் ரத்தம் பாய்ச்சுகின்றன. மண்ணீரலுக்குக் கீழே குடல் வளைகிற இடம் இரண்டுக்குமே கடைமடை. கண்மாயில் தண்ணீர் குறைந்தால் எந்த வயல் முதலில் காயும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரத்த அழுத்தம் இறங்கினாலும், உடம்பில் நீர் வற்றினாலும் அடி வாங்குவது அந்த வளைவுதான். தமனியில் அடைப்பே இல்லாமலும் இது வரும். ஆகவே “ஹார்ட்டெல்லாம் நல்லா இருக்கே” என்று தள்ளிவிட முடியாது. குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும் பெரியவர்கள் நீர் மாத்திரையும் (சிறுநீரைக் கூடுதலாகப் போகவைக்கும் மாத்திரை) சாப்பிட்டுக்கொண்டு தண்ணீரைக் குறைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மாத்திரைச் சீட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போவது இன்னொரு தவறு. நீர் மாத்திரை, மலத்தை இறுக்கும் வலி மருந்து, சூடோஎபெட்ரின் கலந்த சளி மாத்திரை எல்லாமே இதற்குக் காரணமாகலாம்.

சரி, பரிசோதனைக்கு வருவோம். வயிற்று அல்ட்ராசவுண்டும் லாக்டேட் (ஆக்ஸிஜன் குறைந்தால் திசுக்களில் கூடும் அமிலம்) ரத்தப் பரிசோதனையும் நார்மல் என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. கான்ட்ராஸ்ட் (படத்தில் தெளிவாகக் காட்டும் மருந்து) கொடுத்து எடுக்கும் சி.டி. ஸ்கேன் குடல் சுவரின் வீக்கத்தைக் காட்டும். உறுதி செய்ய கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது), முடிந்தால் 48 மணி நேரத்துக்குள், காற்றைக் குறைவாகச் செலுத்தி. ஆனால் வயிறு பலகைபோல் இறுகியிருந்தால் அதைச் செய்யக் கூடாது. சீதபேதிக் கிருமிகளும் இதே வேடம் போடும் என்பதால் மலப் பரிசோதனையை விடக் கூடாது. இதைக் குடல் அழற்சி நோய் (ஐ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நோய்) என்று அவசரப்பட்டு முடிவுகட்டி ஸ்டீராய்டு ஆரம்பிப்பதும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்க பயாப்ஸி (சிறு துளி சதையை எடுத்துச் சோதிப்பது) உதவும்.

பெரும்பாலோர் குளுக்கோஸ் பாட்டிலும் குடலுக்கு ஓய்வும் கொடுத்தாலே சில நாட்களில் தேறிவிடுகிறார்கள். அப்பத்தாவும் தேறினார். பெருங்குடலின் வலப்பக்கம் மட்டும் பாதித்திருந்தால் கதை வேறு. சிறுகுடலுக்குப் போகும் தமனியிலும் அடைப்பு இருக்கலாம் என்பதால் சி.டி. ஆஞ்சியோகிராம் (ரத்தக் குழாய்களைப் படம் பிடிக்கும் ஸ்கேன்) தேவைப்படும். தொட்டுப் பார்த்தால் வயிறு மெத்தென்று இருக்க, நோயாளி மட்டும் தாங்க முடியாமல் துடித்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.