நாற்பது பேருக்கு இரண்டு நாள் பயிற்சி: அரசு ஒதுக்கிய தொகைக்குள் நடத்தி முடிப்பது எப்படி?

ஈரோடு மாவட்டத்தின் கோபிசெட்டிபாளையம், சத்தியமங்கலம், அந்தியூர் வட்டாரங்களில் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குப் பயிற்சி நடத்தும் பொறுப்புக்குப் புதிதாக வந்திருப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். உழவர் பயிற்சி நடத்துவோருக்கும் கணக்கு ஏறக்குறைய இதேதான். ஊரக வாழ்வாதார இயக்கம் போன்ற திட்டங்களில் மத்திய அரசு 60 பங்கும் மாநில அரசு 40 பங்கும் தருகின்றன. இரண்டு இடத்திலிருந்தும் தவணை தவணையாக வரும் பணம் என்பதால், தொகை சிறியதாக இருப்பதோடு தாமதமாகவும் வரும் என்று எடுத்துக்கொண்டே திட்டமிட வேண்டும்.

முதல் படி: ஒப்பளிப்பு ஆணையை வரிக்கு வரி படியுங்கள்

பணம் ஒதுக்கி அரசு அனுப்பும் உத்தரவுதான் ஒப்பளிப்பு ஆணை. பலர் அதில் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மண்டபம் தேடக் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் முதலில் தேட வேண்டியது, தொகை மொத்தமாக ஒதுக்கப்பட்டிருக்கிறதா, அல்லது ஒரு நபருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்பதைத்தான். இரண்டாவது வகையானால், பதிவேட்டில் கையெழுத்திட்டவர்களின் எண்ணிக்கைக்கு மட்டுமே உங்களுக்குப் பணம் கிடைக்கும். உணவுத் தலைப்பில், அதாவது உணவுச் செலவுக்கென்று ஒதுக்கிய தொகையில், மிஞ்சியதைப் பயிற்சிப் பொருட்களுக்கு மாற்றலாமா, பாடம் நடத்த வரும் கருத்தாளர் அரசு ஊழியராக இருந்தால் அவருக்கு மதிப்பூதியம் கொடுக்கலாமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஆணையில் விடை இல்லையென்றால், எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். தொலைபேசியில் ‘பரவாயில்லை, செய்யுங்கள்’ என்று சொன்ன அலுவலர் தணிக்கை வரும்போது வேறு ஊருக்கு மாறுதலாகிப் போயிருப்பார்.

இரண்டாம் படி: எத்தனை பேர் வந்தால் கையைக் கடிக்காது என்று கணக்கிடுங்கள்

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மசாலாப் பொடி தயாரிப்பில் 40 பெண்களுக்கு 2 நாள் பயிற்சி. ஒரு நபருக்கு ஒரு நாளைக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 24,000 ரூபாய். செலவை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். எத்தனை பேர் வந்தாலும் மாறாத செலவு ஒரு பக்கம்: கருத்தாளர் மதிப்பூதியமும் பயணமும் 5,200, செய்முறைக்கான மிளகாய், மல்லி, மஞ்சள் முதலியன 2,000, மைக் செட் 1,200, கூடத்தின் மின்கட்டணமும் துப்புரவும் 1,000, பதாகை 400, புகைப்படமும் அறிக்கையும் 400, ஆக 10,200 ரூபாய். தலைக்கு இவ்வளவு என்று கூடும் செலவு மறுபக்கம்: இரண்டு நாள் உணவும் தேநீரும் ஆளுக்கு 240, நோட்டு, பேனா, நகலெடுத்த தாள்கள் ஆளுக்கு 55. கருத்தாளர்களும் உதவியாளர்களுமாக இன்னும் நான்கு பேர் சாப்பிடுவார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

நாற்பது பேரும் வந்தால் செலவு 22,960. கையில் 1,040 ரூபாய் மிஞ்சும். முப்பத்தேழு பேர் வந்தால் 125 ரூபாய் மிஞ்சும். முப்பத்தாறு பேர் என்றால் 180 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும். இருபத்தெட்டு பேர்தான் வந்தார்கள் என்றால், சாப்பாட்டையும் நோட்டையும் அதற்கேற்பக் குறைத்துச் சொல்லியிருந்தாலும் 2,620 ரூபாய் துண்டு விழும். நாற்பது பேருக்கும் சமைத்து, நாற்பது பேருக்கும் நோட்டு வாங்கியாகிவிட்டது என்றால் துண்டு விழுவது 6,000 ரூபாயைத் தாண்டிவிடும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான், சிக்கனம் என்பது வடையின் அளவைக் குறைப்பதில் இல்லை, முப்பத்தேழாவது பெண்ணை வரவழைப்பதில் இருக்கிறது என்று எனக்கு விளங்கியது.

மூன்றாம் படி: நாளைக் குறிப்பது

நான் நடத்திய முதல் பயிற்சி, தை மாதத்து முகூர்த்த நாளொன்றில் விழுந்தது. நாற்பது பேர் பட்டியலில் இருந்தார்கள். வந்தவர்கள் பத்தொன்பது பேர். மறுநாள் ஒரு குழுத் தலைவியிடம் போய்க் குறைப்பட்டுக்கொண்டபோது, “ஏனுங்க, கல்யாணமும் இருக்குது, தோட்டத்துல மஞ்ச வேக வெக்கறதும் இருக்குது, எதை உட்டுப்போட்டு வாரதுங்க?” என்று கேட்டார். அலுவலகத்து நாட்காட்டியை மட்டும் பார்த்து நாள் குறித்தவனுக்கு அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது?

ஆகவே நாள் குறிக்கும் முன் நான்கு நாட்காட்டிகளைப் பாருங்கள். முதலாவது வேளாண் நாட்காட்டி. பவானிசாகர் அணையிலிருந்து கீழ்பவானி வாய்க்காலில் வழக்கமாக ஆகஸ்ட் நடுவில் தண்ணீர் திறப்பார்கள். அதையடுத்து நாற்று, நடவு, களையெடுப்பு என்று வாய்க்கால் பாசன ஊர்களில் பெண்களுக்கு ஓய்வு கிடைக்காது. மஞ்சள் வெட்டு ஜனவரியிலிருந்து மார்ச் வரை நீளும். இரண்டாவது கோயில் நாட்காட்டி: மார்கழியில் பாரியூர் குண்டம் (தீமிதி), பங்குனியில் பண்ணாரி குண்டம், ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் தேரும் மாட்டுச் சந்தையும், இவை தவிர ஒவ்வோர் ஊரின் மாரியம்மன் பொங்கலும். மூன்றாவது முகூர்த்த நாட்காட்டி. ஆடியில் திருமணம் இல்லாததால் மண்டபமும் மைக் செட்டும் மலிவாகக் கிடைக்கும் என்பது இதிலுள்ள ஒரு நன்மை. நான்காவது கூலி நாட்காட்டி: நூறு நாள் வேலை என்று ஊரில் சொல்லும் அரசு வேலைத் திட்டப் பணி நடக்கும் வாரத்தில் பயிற்சிக்கு வருபவர் அன்றைய கூலியை இழக்கிறார். ஊர்ச் சந்தை கூடும் கிழமையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். திருப்பூர், பல்லடம் பக்கம் போனால் கணக்கே மாறும். பனியன் கம்பெனிக்கும் தறிக்கும் போகிற பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் சரிப்படும்.

நேரத்தையும் அப்படித்தான் குறிக்க வேண்டும். மாடு வைத்திருப்பவர்கள் காலையிலும் மாலையிலும் பால் கறந்து சொசைட்டிக்கு (பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு) ஊற்றியாக வேண்டும். காலை ஒன்பதரைக்குத் தொடக்கம் என்று அழைப்பிதழில் அச்சிட்டு, பத்தரை மணி வரை காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, பத்தரைக்குத் தொடங்கி மூன்றரைக்கு முடிப்பது நல்லது.

இந்த நான்கு நாட்காட்டிகளையும் குலைப்பது நிதி வரும் காலம். பணம் பெரும்பாலும் நிதியாண்டின் கடைசியில்தான் கைக்கு வருகிறது. மார்ச் 31-க்குள் செலவழிக்கச் சொல்வார்கள். மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 62-ஆம் விதி, ஆண்டின் கடைசி மாதங்களில் அவசரமாகச் செலவழிப்பதை நிதி ஒழுங்கு மீறல் என்றே சொல்கிறது. ஆனாலும் நடைமுறை இப்படித்தான் இருக்கிறது என்பதால், பங்கேற்பாளர் பட்டியல், கடைக்காரர்கள் எழுதித் தரும் விலைப்புள்ளிகள், கருத்தாளர் ஒப்புதல், பாடத் தாள்கள் ஆகிய நான்கையும் டிசம்பருக்குள் தயாராக வைத்திருங்கள். ஆணை வந்த பத்தாவது நாளில் கூட்டம் நடத்தவும், மஞ்சள் தோட்டம் அதிகமுள்ள ஊர்களை விட்டு மற்ற ஊர்களில் முதலில் தொடங்கவும் அப்போதுதான் முடியும்.

நான்காம் படி: இடம்

தனியார் மண்டபத்துக்கு வாடகையோடு 18 சதவீதம் ஜிஎஸ்டியும் சேரும். ஊராட்சியின் சமுதாயக் கூடம், குழுக் கூட்டமைப்பின் கட்டடம், விடுமுறை நாளென்றால் பள்ளிக்கூடம் ஆகியவற்றை ஊராட்சித் தலைவரிடமோ தலைமையாசிரியரிடமோ கடிதம் கொடுத்துக் கேளுங்கள். ஆனால் வாடகை இல்லை என்பதற்காக மட்டும் ஓர் இடத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள். தண்ணீர் வரும் கழிப்பறையும், கைக்குழந்தையோடு வருபவர் தொட்டில் கட்ட ஒரு மூலையும் இல்லாத கூடத்தில் மதியத்துக்கு மேல் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள்.

பேருந்து வசதி இன்னும் முக்கியம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தப் பேருந்து வந்து திரும்பும் ஊராகப் பார்த்துக் கூட்டத்தை வைத்தால், வருபவர்களின் பயணச் செலவு பெரும்பாலும் இல்லாமலே போகிறது. மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் அழகான கூடத்துக்கு அவர்கள் ஆட்டோ வைத்து வர வேண்டும். அந்தப் பணத்தைத் திருப்பித் தர உங்களிடம் தலைப்பு இருக்காது.

ஐந்தாம் படி: உணவு

தொகை போதாது என்றதும் எல்லோரும் முதலில் கை வைப்பது சாப்பாட்டில்தான். நான் அதற்கு உடன்பட மாட்டேன். விருந்தினருக்கு வயிறார இலை போடாத வீட்டை இந்தப் பக்கத்தில் யாரும் மறப்பதில்லை. பயிற்சிக்கும் அது பொருந்தும். பொன்னாடை, நினைவுப் பரிசு, பெயர் அச்சிட்ட பை, மேடை அலங்காரம் ஆகியவற்றை முற்றிலும் நீக்கிவிடுங்கள். பதாகையில் தேதியை அச்சிடாமல் விட்டு, தேதியைத் தனித் தாளில் எழுதி ஒட்டினால் ஒரே பதாகை ஆண்டு முழுவதும் வரும்.

சமையலை அதே ஊரின் உணவுக் குழுவிடம் ஒப்படையுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 120 ரூபாய்க்குள் காலையில் தேநீரும் கச்சாயம் என்ற இனிப்புப் பலகாரமும், மதியம் அரிசிம்பருப்பு சாதம், பொரியல், அப்பளம், மோர், மாலையில் தேநீரும் சுண்டலும் என்று பட்டியலிட்டுப் பேசினால், பல குழுக்கள் ஒப்புக்கொள்ளும். பல கூட்டு, பல குழம்பு என்று போய் எல்லாவற்றையும் நீர்க்க வைப்பதைவிட, நெய் விட்ட அரிசிம்பருப்பு மேல். அது ஒரே பாத்திரத்தில் முடியும். பரிமாற ஆளும் குறைவாகப் போதும். முதல் நாள் காலை பதினொரு மணிக்குத் தலைகளை எண்ணிச் சொன்ன பிறகே உலையில் அரிசி போட வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவையுங்கள்.

ஆறாம் படி: கருத்தாளர்

கோபியில் மைராடா என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் வேளாண் அறிவியல் நிலையம், காரமடையில் உள்ள அவினாசிலிங்கம் வேளாண் அறிவியல் நிலையம், கோவை வேளாண் பல்கலைக்கழகம் ஆகியவற்றுக்கு ஒரு மாதத்துக்கு முன்பே கடிதம் அனுப்புங்கள். இரண்டு நாளும் வெளியாள் பேச வேண்டியதில்லை. முதல் நாள் தரம், உலர்த்தல், உறையிடல் ஆகியவற்றை அறிவியலாளர் சொல்லட்டும். இரண்டாம் நாள், ஏற்கெனவே பொடி அரைத்து விற்கும் ஒரு குழு உறுப்பினர் விலை வைப்பதையும் கடன் கேட்கும் கடைக்காரரைச் சமாளிப்பதையும் சொல்லட்டும். வந்தவர்கள் நோட்டில் அதிகம் எழுதிக்கொள்வது இரண்டாம் நாளில்தான் என்பதைக் கவனித்திருக்கிறேன்.

ஏழாம் படி: தாள்கள்

வருகைப் பதிவேட்டில் காலையும் மதியமும் தனித்தனியே கையெழுத்து வாங்குங்கள். ரசீதுகளைக் கூட்டம் முடிந்து தேடக் கூடாது. பணம் கொடுக்கும் இடத்திலேயே, அதே தேதியிட்டு வாங்க வேண்டும். ஒருமுறை மைக் செட்டுக்காரர் பயிற்சிக்கு முந்தைய வாரத் தேதியைப் போட்டுக் கொடுத்த ரசீதை நான் பார்க்காமல் வைத்ததால், அந்த 1,200 ரூபாய் எட்டு மாதம் நிலுவையில் நின்றது. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குக் குறைவாகச் சேவை வழங்கும் சமையல் குழுவுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை; குழுவின் முத்திரையும் வங்கிக் கணக்கு எண்ணும் உள்ள ரசீது போதுமா என்று கணக்கரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தவரை வங்கி வழியாகவே பணம் அனுப்புங்கள். 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் ஒரு ரூபாய் வருவாய் முத்திரை ஒட்டிய ரசீது தேவை.

இறுதியாகப் பயன்பாட்டுச் சான்றிதழ், அதாவது வந்த பணம் எதற்குச் செலவானது என்று நீங்கள் எழுதிக் கொடுக்கும் சான்று. மிஞ்சிய தொகையை எதிலாவது செலவழித்துக் கணக்கைச் சுழியமாக்க வேண்டும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள். மிஞ்சியது 1,040 ரூபாய் என்றால் 1,040 என்றே எழுதி, அந்தப் பணம் வங்கியில் கிடந்த நாட்களுக்கு வட்டி வந்திருந்தால் அதையும் சேர்த்துத் திருப்பிச் செலுத்தி, செலுத்துச் சீட்டின் நகலைச் சான்றிதழோடு இணைத்து அனுப்புங்கள்.