பனியன் துணியில் ஸ்கேன் ஆகும் கியூஆர் கோடு

திருப்பூர் பிரிண்டிங் யூனிட்டுக்கு ஃபைல் அனுப்புமுன் கோடுக்குள் வைக்கும் இணைய முகவரியைச் சுருக்குங்கள். 24 எழுத்துக்குள் இருந்தால், பிழைதிருத்தம் (கோடு கொஞ்சம் சிதைந்தாலும் படிக்க வைக்கும் வசதி) உச்சமான 'எச்' நிலையில் இருந்தாலும் கோடு 29-க்கு 29 கட்டத்தில் அடங்கிவிடும். முகவரி நீண்டால் கட்டங்கள் பொடியாகி, மை கூடிக்கொள்ளும். பின்னல் துணிக்கு ஒரு கட்டம் 1.5 மி.மீ. வைத்தால் நல்லது. கோடு 43.5 மி.மீ., நாலு பக்கமும் நாலு கட்ட அளவு வெற்றிடம் சேர்த்து 55.5 மி.மீ. இந்த வெற்றிடத்தில் லோகோவோ பார்டரோ கூடவே கூடாது. ஃபைல் வெக்டராக (பெரிதாக்கினாலும் ஓரம் மங்காத வடிவம்) இருக்கட்டும்; வாட்ஸ்அப்பில் வந்த படம் வேண்டாம்.

பெரும்பாலும் கெடுவது மை பரவுவதால்தான். கறுப்பு ஓரம் தடித்து, நடுவில் உள்ள வெள்ளைக் கட்டம் அடைபடும். அச்சுத் திரை தயாரிக்கும் ஃபிலிமிலேயே கறுப்பைக் கொஞ்சம் மெலிதாக்கி, முதல் பீஸை லென்ஸ் வைத்துப் பாருங்கள்: ஒற்றை வெள்ளைக் கட்டம் சதுரமாகத் தெரிய வேண்டும்.

கருந்துணியில் நிறத்தைத் தலைகீழாக்காதீர்கள். சில போன்கள் படிக்காது. வெள்ளை அடித்தளம், ஃபிளாஷ் (அந்த வெள்ளையைச் சூடு காட்டி லேசாக உலர்த்துவது), அதன்மேல் கறுப்பு. சிவப்பு பாலியஸ்டரில் துணியின் சாயம் மையில் ஏறி வெள்ளை ரோஸ் ஆகும். அதற்கென உள்ள லோ-பிளீட் மை கேளுங்கள்.

பிளாஸ்டிசால் (சூட்டில் இறுகும் பிளாஸ்டிக் மை) என்றால் மைப்படலம் முழுக்க சுமார் 160 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும். வேகாத மை துவைத்தால் விரிசல் விடும்.

வயிற்றுப்பக்கம் மடியும், இழுபடும். நெஞ்சு அல்லது மேல்முதுகு போதும். மேசையில் விரித்து ஸ்கேன் செய்வது சோதனையே அல்ல. துவைத்த பீஸை ஆள் போட்டுக்கொண்டு, விலை குறைந்த போனிலும் பார்த்த பிறகே ஆர்டரை ஓட்டுங்கள்.