முளைக்கீரைக்கு ஒரு தேதி, பாலக்கிற்கு ஒரு தேதி

வானிலைப் பதிவில் ‘கடைசி உறைபனி’ என்று போட்டிருந்த நாளுக்கு மறுநாளே முளைக்கீரை விதைத்தவன் நான். ஒரு வாரத்தில் முளைத்து, இரண்டிலை விட்டு நின்றது. அடுத்த வாரம் ஒரு காலையில் பார்த்தால், வெந்நீர் ஊற்றியதுபோலப் பாத்தி முழுக்கக் கறுத்துத் துவண்டு கிடக்கிறது.

அந்தத் தேதி வெறும் சராசரி என்பது பிறகுதான் உறைத்தது. ஏறக்குறைய பாதி ஆண்டுகளில் அதற்கப்புறமும் உறைபனி விழும். அதனால் இப்போது இரண்டு தேதி குறித்துக்கொள்கிறேன்: அதற்கப்புறமும் உறைபனி விழ 50 சதவீத வாய்ப்புள்ள நாள், அந்த வாய்ப்பு 10 சதவீதமாகக் குறையும் நாள். முதலாவது குளிர் தாங்கும் கீரைகளுக்கு, இரண்டாவது தாங்காதவற்றுக்கு.

பாலக், கேல் (முட்டைக்கோஸ் இனக் கீரை) இரண்டையும் முதல் தேதிக்கு 4 முதல் 6 வாரம் முன்பே விதைத்துவிடலாம். மண் 5 டிகிரி இருந்தாலே பாலக் முளைக்கும், நிதானமாகத்தான். இதில் பயந்து தள்ளிப்போட்டால் வேறு நஷ்டம்: பகல் 14 மணி நேரத்தை நெருங்கியதும் பாலக் இலையை விட்டுவிட்டுப் பூத்தண்டு விடும். லெட்யூஸுக்கு 2, 3 வாரம் முன்னால் போதும். முளைக்கீரை, கொடிப்பசலை எல்லாம் இரண்டாவது தேதி தாண்டி, மண் 18 டிகிரி தொட்ட பிறகுதான். சமையல் தெர்மாமீட்டரைக் காலையில் இரண்டு அங்குலம் செருகிப் பார்ப்பேன். வீட்டில் திட்டு விழும்.

இலையுதிர்காலத்தில் கணக்கை முதல் உறைபனி நாளிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். விதைப் பொட்டலத்தில் அறுவடைக்கு 45 நாள் என்றிருந்தால் 14 நாள் கூட்டுங்கள், பகல் சுருங்கச் சுருங்க வளர்ச்சி மந்தமாகும். முதல் உறைபனி அக்டோபர் 20 என்றால் விதைப்பு ஆகஸ்ட் 22. அந்தச் சூட்டில் லெட்யூஸ் விதை முளைக்காமல் அடம்பிடிக்கும். நிழலில் நாற்று விட்டு நடுங்கள். பகல் 10 மணி நேரத்துக்குக் கீழே போனால் செடி கிட்டத்தட்ட நின்றுவிடும். அதற்குள் வளர்ந்ததுதான் குளிர்காலம் முழுக்கக் கிள்ள.

தேதியைவிட அன்றைய வானம் முக்கியம். மேகமில்லாமல், காற்றில்லாமல், நட்சத்திரம் பளிச்சென்று தெரிகிற இரவு ஆபத்தானது. முன்னறிவிப்பு 2 டிகிரி என்றாலும் தரையோரம் உறைந்துவிடலாம், பள்ளமான பாத்தியில் இன்னும் சீக்கிரம். பொழுது சாயும் முன்பே பழைய போர்வையால் மூடி, ஓரங்களை மண்ணோடு அழுத்திவிடுங்கள். பிளாஸ்டிக் தாளால் மூடினால், அது இலையில் பட்ட இடம் கருகும். வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும்.

மறந்துபோய் கேல் உறைந்துவிட்டதா? விறைத்த இலையைத் தொடாதீர்கள், தொட்டால் நொறுங்கும். பத்து மணி வாக்கில் தானாகவே நிமிர்ந்துகொள்ளும். அப்புறம் பறியுங்கள், குளிருக்குச் சர்க்கரை சேர்த்து வைத்திருக்கும், தின்றால் தெரியும்.